நைஸுக்கு மூன்று சாட்சிகள்

பதினான்கு அட்டை கையில் இருந்தது. பதினைந்தாவதைக் காணோம். சனிக்கிழமை காலை ஒன்பதே கால் மணி. பதினொன்றுக்குள் ஒப்படைத்தாக வேண்டும். நானும் என் மருமகளும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோர் பேச்சையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தோம். எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எங்களைப் பிக்பாக்கெட் கும்பல் என்று நினைத்துவிடுவீர்கள்.

என் மருமகள் எட்டு வருஷமாக மாவு மில்லில் சலிக்கும் பகுதியில் இருந்தாள். அங்கே அவளுக்குப் பெயரே சல்லடை. மெஷின் சலித்து அனுப்பிய மாவை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இது போகும், இது போகாது" என்பாள். அவள் போகாது என்றால் முதலாளியே வந்தாலும் அந்த மூட்டை போகாது. எல்லாம் சரி, ஆனால் மாவுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பேசுவதைவிட இருமுவதுதான் அதிகம். டாக்டர் காதில் குழாயை மாட்டிக்கொண்டு முதுகில் வைத்துக் கேட்டார்.

"இந்த வேலை வேணுமா, மூச்சு வேணுமான்னு முடிவு பண்ணுங்க" என்றார்.

"வேற வேலைக்கு மருந்து எழுதித் தருவீங்களா டாக்டர்?" என்றாள் இவள். அவர் பேனாவை மூடிவிட்டார்.

அந்த வாரமே நூலகத்து அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். தமிழ் பேசுகிறவர்கள் தினமும் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி தயாராகிறதாம். தொகுப்பாளர் ஒருவர் தேவையாம். படிப்பு எதுவானாலும் பரவாயில்லை, ஒரு வாரப் பரீட்சை உண்டு என்று போட்டிருந்தது. என் மருமகள் மாவு மூட்டையில் அச்சடித்திருக்கும் எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவள். அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தாள். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை அந்த அலுவலகத்துக்குப் போனோம். மாடியில் ஒரே ஒரு நீள அறை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை அகல அட்டைகள். உதவி ஆசிரியர் என்று ஒருவர் இருந்தார். காதில் ஒரு பென்சில், சட்டைப் பையில் இரண்டு, கையில் ஒன்று. நாங்கள் அவருக்குப் பென்சில் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

"ஒரே ஒரு சொல் எடுத்துக்குங்க. எல்லாருக்கும் தெரிஞ்ச சொல்லா இருக்கணும்" என்றார் அவர். "அது எங்க பிறந்துச்சு, தமிழ்ல இன்னிக்கு அதுக்கு என்னென்ன அர்த்தம், எல்லாம் எழுதணும். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் மூணு சாட்சி. யார் சொன்னது, எங்க, எத்தனை மணிக்கு, எந்தச் சூழல்ல. நீங்க காதால கேட்டதா இருக்கணும்."

"யார்கிட்ட வேணா கேட்டு எழுதலாமா சார்?"

"கேட்கவே கூடாது! அதுதான் விஷயம். நீங்க கேட்டா அவங்க யோசிச்சுச் சொல்லுவாங்க. யோசிச்சுச் சொன்னா அது பேச்சு இல்ல, பதில். தானா வாயில வரணும். மூணு பேரும் மூணு வெவ்வேற வீட்டு ஆளுங்களா இருக்கணும். நீங்க சொல் தேடறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது. ஒரு கார்டு குறைஞ்சாலும் எடுத்துக்க மாட்டோம்."

படி இறங்கும்போதே நான் கேட்டேன்: "என்ன சொல்லுடி எடுக்கப்போற?"

"நைஸ்" என்றாள். "எட்டு வருஷமா அந்தச் சொல்லோடதான அத்தை குடித்தனம் பண்றேன்?"

மில்லில் மாவுத் தொட்டிகளின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்திருப்பார்கள்: நைஸ், நடுத்தரம், கொரகொர. அதைத்தான் சொன்னாள். அவள் ஒரு வார லீவு போட்டுவிட்டாள். அதுவே மில்லில் பெரிய செய்தியாகிவிட்டதாம்.

நூலகத்தில் ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. ஒருவரால் தூக்க முடியாது. நூலகரும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மேஜையில் வைத்தோம். இவள் விரலை வைத்து ஓட்டி ஓட்டிப் படித்தாள். திடீரென்று "அத்தை!" என்று கத்தினாள். நூலகத்தில் கத்தலாமா? நூலகரே எழுந்து வந்துவிட்டார், திட்டுவதற்கு இல்லை, என்னவென்று பார்ப்பதற்கு.

"நைஸ்னா முதல்ல என்ன அர்த்தம் தெரியுமா? முட்டாள்!"

"எந்த முட்டாள்?"

"எந்த முட்டாளும்! லத்தீன்ல 'தெரியாதவன்'. அங்கேருந்து பிரெஞ்சுக்குப் போய் 'அசடு'. இங்கிலீஷுக்கு வரும்போதும் அசடாதான் வந்திருக்கு. அப்புறம் எதுலயும் குறை சொல்ற நொரநாட்டியம் பிடிச்ச ஆளுக்குச் சொல்லியிருக்காங்க. அப்புறம் மென்மையானது, நுணுக்கமானது. கடைசியாதான் நல்லது, இனிமையானது. பல நூறு வருஷம் ஆகியிருக்கு அத்தை, அசடு நல்ல பேர் வாங்க."

பிறந்த வீட்டில் அசட்டுப் பட்டம் வாங்கின பெண், போகிற வீடெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயரை மாற்றிக்கொண்டு, கடைசியில் எல்லோரும் கொண்டாடுகிற மாதிரி ஆகிவிட்டாளே! அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்று, "எப்படி இருக்கேன்?" என்றார்.

"ரொம்ப நைஸா இருக்கீங்க மாமா" என்றாள் இவள். நான் சிரித்த சிரிப்பில் அவர் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டார்.

வேட்டை ஆரம்பித்தது. தமிழில் ஐந்து அர்த்தம் என்று பிரித்துக்கொண்டாள். ஒன்று, அழகாக இருக்கிறது. இரண்டு, மாவு மாதிரி மெல்லிசாகப் பொடிந்தது. மூன்று, துணியைத் தடவினால் வழவழப்பு. நான்கு, யாருக்கும் தெரியாமல் நழுவுவது. ஐந்து, காரியம் ஆவதற்காகக் குழைந்து பேசுவது. அதைத்தான் நைஸ் பண்றது என்கிறோம். ஐந்து அர்த்தம், மும்மூன்று சாட்சி, பதினைந்து அட்டை.

சும்மா சொல்லக் கூடாது, அந்த இரண்டு நாள் மாதிரி நான் வாழ்நாளில் வேறெப்போதும் கூர்ந்து கேட்டதில்லை. துணிக்கடையில் ஒரு தாயும் மகளும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், "இது நைஸா இருக்கு, அது சொரசொரங்குது" என்று. இவள் தூணுக்குப் பின்னால் நின்று எழுதினாள். ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு பெரியவர், "எனக்குப் பின்னாடி நின்னவன் நைஸா முன்னாடி போயிட்டான் பாரு" என்றார். இவளுக்கு இருமல் வந்தது, சிரிப்பு வந்தது, பேனாவும் வந்தது. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் ஏழு அட்டை.

அன்றைக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எங்கள் தெருமுனையில் ஒரு தையல்கடை. பட்டன் தைக்கக் கொடுத்திருந்தேன். தையல்காரம்மா, "என்ன, மருமக ரெண்டு நாளா மில்லுக்குப் போகலையாமே?" என்றாள். அந்தக் குரலில் ஒரு இது இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"எங்க மருமக அகராதி எழுதறா. நைஸ்னு ஒரு சொல். யார் யார் எப்படிச் சொல்றாங்கன்னு குறிச்சுக்கிட்டு இருக்கா" என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். நானா இப்படி என்று இப்போதும் தலையில் அடித்துக்கொள்கிறேன்.

புதன்கிழமை காலை இவள் வெளியே போனாள். பத்தே நிமிஷத்தில் இரண்டு அட்டை. அரை மணியில் ஐந்து. சந்தோஷமாகத் திரும்பிக் கொண்டிருந்தவள் சலவைக்கடை வாசலில் நின்றுவிட்டாள். கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியைத் துணி மேல் தேய்த்துக்கொண்டே அவளைப் பார்த்து, "என்னம்மா, வெயில் இன்னிக்கு ரொம்ப நைஸா இருக்கு, காத்தும் நைஸா வீசுது, நீயும் நைஸா நடந்து வர்றே" என்றார். சொல்லிவிட்டு மெதுவாக, "எழுதிக்கிட்டியா? என் பேரையும் போட்டுக்க" என்றாராம்.

வீட்டுக்கு வந்தாள். அன்றைக்கு எடுத்த ஐந்து அட்டையையும் மேஜையில் வரிசையாக வைத்தாள்.

"அத்தை, தெருவுல யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"தையல்காரம்மாகிட்ட மட்டும்தான்..."

"அது போதும்" என்று ஐந்தையும் கிழித்தாள்.

"அடிப்பாவி, அவங்க நிஜமாத்தானே சொன்னாங்க!"

"எனக்காகச் சொன்னாங்க அத்தை. மாவுல சுண்ணாம்பைக் கலந்தாலும் பாக்கறதுக்கு நைஸாதான் இருக்கும்."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு எங்கள் தெருப் பக்கமே அவள் காது கொடுக்கவில்லை. நாங்கள் பஸ் ஏறி, யாருக்கும் எங்களைத் தெரியாத இடங்களாகப் பார்த்துப் போனோம். தபால் நிலையம், ரயில் நிலையம், மரச்சாமான் கடை. மரச்சாமான் கடையில் ஒருவன் மேஜையைத் தடவி "நைஸா இழைச்சிருக்கான்" என்றபோது எனக்குக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினான்கு. நைஸ் பண்றதுக்கு மட்டும் மூன்றாவது சாட்சி அகப்படவில்லை. உலகத்தில் குழைந்து பேசுகிறவர்களுக்கா பஞ்சம்? ஆனால் அவர்களைப் பார்த்து அப்படிச் சொல்கிறவர்கள் நம் காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே!

என் வீட்டுக்காரர் சனிக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த எங்களிடம், "ஒண்ணுதான குறையுது? ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு அம்மா சொன்னாங்கன்னு எழுதிக்க. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"சல்லடைல ஒரு கண்ணு கிழிஞ்சா போதும் மாமா, லோடு முழுக்கத் திரும்பி வரும்" என்றாள்.

அப்படித்தான் நாங்கள் அந்த பஸ்ஸில் நின்றோம். எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டு வந்தாள். மறுமுனையில் யாரோ கெஞ்சுகிறார்கள் போல.

"முடியாதுன்னா முடியாது. நேத்து கத்தினேல்ல? இப்ப என்ன சும்மா நை..."

டிரைவர் ஹாரனை அழுத்தினார் பாருங்கள்! எதிரே ஏதோ லாரி. ஹாரன் அடங்கும்போது அவள், "சரி, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

"எழுது! எழுதுடி!" என்றேன்.

"பாதிதான் கேட்டேன்."

"மீதியை நான் கேட்டேன்!"

"கேட்டீங்களா, கேட்ட மாதிரி இருந்துச்சா?"

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன். அவள் பேனாவை மூடினாள். இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் எனக்கு அந்த டிரைவர் மேல் வந்த கோபம் இருக்கிறதே!

அலுவலகத்துக்குள் நுழையும்போது பத்து நாற்பது. எங்களுக்கு முன்பே அதே வேலைக்காக இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் பள்ளி ஆசிரியை, இன்னொருவர் டை கட்டிய மனிதர். ஆசிரியையின் அட்டைகள் எல்லாம் அவர் வகுப்புப் பிள்ளைகளிடமே கேட்டு வாங்கியவை என்று பென்சில் திருப்பிக் கொடுத்துவிட்டார். டை கட்டியவரின் சொல் டென்ஷன். அட்டைகள் சரியாக இருந்தன. அது எப்படித் தமிழுக்கு வந்தது, முதலில் சொன்னது யார், எந்த வருஷம் என்று ஆறு பக்கம் எழுதியிருந்தார்.

தலைமை ஆசிரியர் ஒரு அம்மாள். குட்டை முடி, தடிக் கண்ணாடி. "முதல்ல சொன்னது இவருதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"அப்படித்தான் இருக்கணும் மேடம்" என்றார் டை.

அம்மாள் தாளை மடித்து ஓரமாக வைத்தார். "நைஸ் யாரு?" என்றார். என் மருமகள் எழுந்து போனாள். அவள் கொடுத்த தாளைப் படித்துக்கொண்டே வந்த அம்மாள் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"லத்தீன்லேருந்து இங்கிலீஷ் வரைக்கும் சுத்தமா எழுதியிருக்கீங்க. மாவுக்கு எப்படி வந்துச்சுங்கறதை விட்டுட்டீங்களே?"

"விடலைங்கம்மா. கீழ எழுதியிருக்கேன். 'தெரியவில்லை'ன்னு."

"ஊகம்கூட இல்லையா?"

"இருக்கு. இங்கிலீஷ்ல நுணுக்கம்னு ஒரு அர்த்தம் இருந்திருக்கு, அதுலேருந்து வந்திருக்கலாம். ஆனா சாட்சி இல்ல. சலிக்காம மூட்டை கட்டறது எனக்குப் பழக்கமில்லைங்கம்மா."

அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது பார்த்து பென்சில் அட்டைகளை எண்ணி முடித்தார்.

"பதினாலுதான் இருக்கு."

"ஆமா சார். ஒண்ணு கிடைக்கல" என்றாள் என் மருமகள். தாவணி முனை மாதிரி அவள் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எடுத்துக்க முடியாது" என்று பென்சில் அட்டைகளை ரப்பர் பேண்டில் கட்ட ஆரம்பித்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்விட்டேன். "ஐயா, நீங்க படிச்சவங்க, பெரிய மனசு உள்ளவங்க. இந்த ரூமை எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கீங்க! உங்களை மாதிரி ஒரு பொறுப்பான ஆளை நான் பார்த்ததே இல்ல. உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது, ஒரே ஒரு கார்டுக்காக ஒரு பொண்ணோட..."

"அம்மா, அம்மா! சும்மா நைஸ் பண்ணாதீங்க. கார்டுன்னா கார்டுதான்!"

இழுப்பறைகள்கூட மூச்சை அடக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

என் மருமகள் பையிலிருந்து வெற்று அட்டையை எடுத்தாள். மேஜை மேல் வைத்தாள். பேனாவைத் திறந்தாள். "சார், மணி என்ன?" என்றாள்.

பென்சில் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து ஐம்பத்தெட்டு" என்று சொல்லிவிட்டுத்தான், அதற்கு முன் தன் வாயில் என்ன வந்தது என்று உணர்ந்தார். காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"இது செல்லாது! இது ஏற்பாடு! இந்தம்மா வேணும்னே..."

"சத்தியமா இல்லைங்க. நான் உங்ககிட்ட நிஜமாவே குழைஞ்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்றேன்.

"அதோட நான் இவங்க எந்தச் சொல்லைத் தேடறாங்கன்னு தெரிஞ்ச ஆளு. விதிப்படி..."

தலைமை ஆசிரியர் கையைக் காட்டினார். "நீங்க அதைச் சொன்னப்ப இவங்க கார்டை நினைச்சீங்களா?"

பென்சில் நேர்மையான மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்தார். "இல்ல. எரிச்சல்ல வந்துடுச்சு" என்றார்.

"தெரிஞ்சவர் வாயிலேயே தெரியாம வந்துச்சுன்னா, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? விதி எதுக்கு? யோசிச்சுச் சொல்லக் கூடாதுங்கறதுக்குத்தானே? யோசிச்சிருந்தா நீங்க சொல்லியே இருக்க மாட்டீங்க!" என்று அம்மாள் சிரித்தார். அப்புறம் என் மருமகளைப் பார்த்து, "சீக்கிரம் எழுதும்மா, இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கு" என்றார்.

இவள் எழுதினாள். சாக்பீஸில் தொட்டி மேல் எழுதுகிற அதே குண்டுக் கையெழுத்து. பேசியவர், உதவி ஆசிரியர். இடம், இதே அலுவலகம். மணி, பத்து ஐம்பத்தெட்டு. சூழல் என்ற இடத்துக்கு வந்ததும் பென்சில் எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதறீங்க?"

"எரிச்சல்."

"எரிச்சல்னு போடாதீங்கம்மா. இது பல வருஷம் டிராயர்ல இருக்கும், நாளைக்கு நாலு பேர் படிப்பாங்க. கண்டிப்புன்னு போடுங்களேன். இல்ல, உறுதின்னு போடுங்க. நீங்க நல்லா எழுதறீங்க, கையெழுத்தே எவ்வளவு தெளிவா இருக்கு, திங்கட்கிழமைலேருந்து நாம ஒண்ணா வேலை பார்க்கப்போறோம்..."

என் மருமகள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் என்னிடம் சொன்ன அதே சொல் அவள் வாய்க்கு வந்துவிட்டது, எனக்குத் தெரியும், நானும் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் சொல்லவில்லை. அட்டையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"காதுல விழுந்ததைத்தான் சார் எழுத முடியும்" என்றாள். "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."